துமாசிக்குக் கோடி போட்ட கதை

துமாசியின் தலையில் கருநீல உலோஸ் துணியைப் போட்டு மூடியதும் அவள் தூங்கிப்போனாள். அது அவளுக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் மயங்கிச் சாய்ந்துவிட்டாள் என்று நினைத்து இன்னும் உரக்க ஒப்பாரி வைத்தார்கள். "புருஷன் மேல உசுரையே வெச்சிருந்தா, பாவி மக" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். துணிக்குள்ளே இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தது. சாயத்தின் வாடை லேசாக அடித்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, பட்டப்பகலில், தண்ணீர் கொண்டு வா என்றோ பன்றிக்குத் தழை நறுக்கு என்றோ அவளை யாரும் ஏவவில்லை. முதலில் நிஜமாகவே அழுதாள். அழுகை எந்த இடத்தில் தூக்கமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது.

அவள் புருஷன் ஜமந்தர், எங்கள் ஊர் லும்பான் சிலிந்தோங்கின் கள்ளுக்கடையில் முதல் குரல். அவன் கித்தாரை எடுத்தால் பக்கத்து மேசைக்காரன் சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்பான். மீன் பிடிக்க ஒரு சின்னப் படகும் வைத்திருந்தான். தண்ணீரில் கிடந்ததைவிட அது கரையில் கிடந்ததுதான் அதிகம். ஒருநாள் காலையில் பன்றிகள் பசியில் அலற, இவன் கட்டிலில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். துமாசி ஒரு வார்த்தை சொன்னாள். அவன் இரண்டு சொன்னான். அவள் பத்து சொன்னாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அன்று மத்தியானம் தோபா ஏரியில் காற்று எழுந்தது. மறுநாள் முனைக்கு அப்பால் படகு கவிழ்ந்து கிடந்தது. துடுப்புக் கட்டையில் அவன் சட்டை சிக்கியிருந்தது. ஊரே படகெடுத்துத் தேடியது. எங்கள் ஏரி ஆழமானது. எடுத்ததையெல்லாம் அது திருப்பிக் கொடுப்பதில்லை.

உடல் கிடைக்காதவனுக்குச் சடங்கு உண்டா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஊருக்காகப் பேசுகிறவர் ஒம்பு லம்போக். எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பவர். அவர் சொன்னார்: "இந்தப் பொண்ணு இப்பச் சுமங்கலியும் இல்ல, விதவையும் இல்ல. ரெண்டுங்கெட்டானா எத்தன நாளைக்கு நிக்கும்? உலோஸ் விழட்டும். விழுந்தாத்தான் நடந்தது நடந்ததா ஆகும்."

அதில் ஒன்றும் அதிசயமில்லை. பிள்ளை பிறந்தால் தூக்கிச் சுமக்க ஒரு உலோஸ் வரும். கல்யாணமென்றால் தோளில் ஒன்று. வயிற்றில் பிள்ளை இருந்தால் ஒன்று. செத்தால் மேலே போர்த்த ஒன்று. எல்லாம் பெண் கொடுத்த வீட்டிலிருந்தும் தாய்மாமன் வீட்டிலிருந்தும்தான் வரவேண்டும். மேலிருந்து கீழே வருகிற தண்ணீர் மாதிரி. ஒன்று நடந்தது என்பதற்கு எங்களிடம் கண்கண்ட சாட்சி இரண்டாம்பட்சம், துணிதான் சாட்சி.

ஆகவே ஒரு வாழைத்தண்டை வெட்டி ஜமந்தரின் சட்டையை மாட்டிப் பாயில் கிடத்தினார்கள். இதைக் கேள்விப்பட்ட போதகருக்கு அதே நாளில் தாருத்தூங்கில் ஒரு அவசரக் கூட்டம் வந்துவிட்டது. ஜமந்தரின் தாய்மாமன் கூமொந்தாங் வந்து தண்டின் மேல் சவ உலோஸைப் போர்த்தி, முறைப்படி அழுதார். துமாசியின் அண்ணன் ஹபோசன், பன்றி வியாபாரி, தங்கையின் தலையில் கோடியைப் போட்டான். அவன் அழுததில் முறை கொஞ்சம்தான், மிச்சம் நிஜம். புதைக்கும் நேரத்தில் கூமொந்தாங் மட்டும் தயங்கினார். "வாழைத்தண்டுக்குக் குளிராது" என்று சொல்லி, போர்த்திய உலோஸை உருவி மடித்துத் துமாசியின் அலமாரியில் வைக்கச் சொன்னார்.

அடக்கம் முடிந்ததும் ஹபோசன் தங்கையின் தலைக்கோடியை எடுத்தான். ஒரு குவளைத் தண்ணீரில் அவள் முகத்தைக் கழுவினான். உச்சந்தலையில் அரிசி தூவினான். "போதும்மா அழுதது. இனிமே உம் மூஞ்சில வெயில் படட்டும்" என்றான். வெயில் பட்டது. மாசக்கணக்கில் தூங்காதவள் நன்றாகத் தூங்கி எழுந்த முகம் அது. "அழுது அழுது வீங்கிருக்கு" என்றார்கள் பெண்கள்.

ஆனால் அவளுக்குத் துக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூத்தவள் லஸ்மாவுக்குத் தலை பின்னும்போது சில சமயம் கை நின்றுவிடும். மெட்டு ஒன்று காதில் கேட்டாற்போல இருக்கும். இளையவன் பின்சாருக்கு அப்பன் முகம் பதியாத வயசு. சண்டையில் தான் சொன்ன பத்து வார்த்தைகளில் எது அவனைப் படகில் ஏற்றியது என்று அவள் எண்ணிப் பார்ப்பாள். பிறகு எழுந்து வேலையைப் பார்ப்பாள்.

வேலை பெருகியது. பாலிகே போகும் சாலையில் பஸ் நிற்கும் இடத்தில் நாலு மூங்கிலை நட்டுத் தகரம் போட்டு ஒரு சோற்றுக்கடை வைத்தாள். மஞ்சளும் மலைமிளகும் அரைத்துப் போட்டு, குழம்பு சுண்டும்வரை வேகவைத்த ஏரி மீன். பஸ் டிரைவர்கள் மற்ற ஊர்களில் பசிக்கவில்லை என்று சொல்லிப் பயணிகளை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ஊர்க் கூட்டத்திலும் அவளுக்கு இடம் வந்தது. முன்பெல்லாம் கூட்டமென்றால் அவள் பின்கட்டில் கறி நறுக்குவாள். இப்போது பையன் சிறுவன் என்பதால் வீட்டுக்காக அவளே பாயில் உட்கார்ந்தாள். "ஜமந்தர் வீடு என்ன சொல்லுது?" என்று ஒம்பு லம்போக் கேட்பார். ஜமந்தர் வீடு, ஜமந்தர் இருந்த காலத்தில் சொன்னதைவிட நல்லதாகவே சொன்னது.

நாலு வருஷம் போயிற்று. ஒரு சந்தை நாளில் கடை நிரம்பி வழிந்தபோது, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவன் ஓரமாக உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

"ஒரு சோறு. மீன் வை" என்றான்.

அவள் வைத்தாள். ஒரு வாய் போட்டுக்கொண்டு அவன் சொன்னான்: "புளிப்பு கொஞ்சம் கம்மி."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. இந்த உலகத்தில் அவள் மீனைக் குறை சொன்ன வாய் ஒன்றுதான்.

"நான்தான், லஸ்மா அம்மா" என்றான் தொப்பியைக் கழற்றி.

"யாரு?"

"என்ன, யாருங்கறே? ஜமந்தர்."

"அவரு செத்துட்டாரே. கோடி போட்டாச்சே."

"யாருக்குக் கோடி?"

"எனக்குத்தான். உங்களுக்கு மேல போர்த்தியாச்சு. புதைச்சுமாச்சு. கோயிலுக்குப் பின்னால சிலுவை இருக்கு, போய்ப் பாருங்க."

பக்கத்து மேசை டிரைவர் சோற்றோடு எழுந்து வெளியே போய்விட்டார்.

நடந்தது இதுதான். அன்று ஜமந்தர் எதிர்க்கரை வரை போனான். நனைந்த சட்டையைக் கழற்றிப் படகில் காயப்போட்டு, படகைக் கட்டாமலே காப்பி குடிக்க ஏறினான். அங்கே பழைய சிநேகிதன் ஒருவன் மரலாரியில் தூரத்து ரியாவ் மாகாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். கோபத்தில் இவனும் ஏறிக்கொண்டான். காற்று வந்து படகைக் கொண்டுபோனது. தோட்டத்தில் மரம் வெட்டினான், சமையல் செய்தான், பாடினான். தான் செத்துப்போன சேதி அவன் ஒருவனுக்கு மட்டும் எட்டவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிருக்கலாமே" என்றாள் துமாசி. அதை மெதுவாகத்தான் கேட்டாள்.

"கோவத்துல போனேன். கோவம் தீந்தப்ப வெக்கம் வந்துருச்சு. கோவம் சட்டுனு தீந்துரும், வெக்கம் தீர மாட்டேங்குது."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்த பாத்திரத்தில் தண்ணீரை மாற்றினாள். தெளிந்த பிறகும் மாற்றிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒம்பு லம்போக் வீட்டில் கூட்டம். எதற்கும் பழமொழி வைத்திருந்தவரிடம் இதற்கு ஒன்றும் இல்லை. அது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

முதலில் தாய்மாமன் கூமொந்தாங் எழுந்தார். "எம் மருமகன் உசுரோட வந்ததுல எனக்குச் சந்தோஷந்தான். ஆனா நான் முறை செஞ்சாச்சு. போர்த்தியாச்சு, அழுதாச்சு, அதுக்குண்டான கறிப்பங்கையும் தின்னாச்சு. இனிமே இவன் எத்தன தடவ செத்தாலும் எங்கிட்ட வரக் கூடாது."

"நான் சாகலியே மாமா!" என்றான் ஜமந்தர்.

"அத நீ அன்னிக்கே வந்து சொல்லிருக்கணும்."

அடுத்து ஹபோசன். "எந் தங்கச்சி தலைல நான் போட்ட கோடி விளையாட்டுக்குப் போட்டதில்ல. போட்ட உலோஸத் திருப்பி வாங்கற வழக்கம் எந்த ஊர்லயாவது உண்டா? அவ விதவை. அவளுக்குப் புருஷனா வரணும்னா, பொண்ணு கேட்டு வரட்டும். பரிசம் போடட்டும். பன்றி வெட்டட்டும். நான் தோள்ல உலோஸ் போடறேன்."

"எம் பொண்டாட்டியவே நான் பொண்ணு கேக்கணுமா, மச்சான்?"

"யாரு உம் பொண்டாட்டி? அவ ஜமந்தரோட விதவை."

"நாந்தானேய்யா ஜமந்தர்!"

"அப்ப நீ செத்தவன். செத்தவன் கூட்டத்துல பேசக் கூடாது. உக்காரு."

கூட்டம் சிரித்தது. கூட்டம் சிரித்துவிட்டதால் ஒம்பு லம்போக்குக்குத் தைரியம் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. அண்ணன் செத்தா அவன் சம்சாரத்தத் தம்பி ஏத்துக்கறது நம்ம முறைல உண்டு. அதுக்குப் புதுசா பரிசம் கெடையாது."

"எனக்குத்தான் தம்பியே இல்லையே" என்றான் ஜமந்தர்.

"இல்லைன்னா என்ன? நீயே உனக்குத் தம்பியா இருந்துக்க."

இது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஹபோசன்கூட, பரிசம் போனதில் கொஞ்சம் மனத்தாங்கலோடு, தலையை ஆட்டினான். செத்த ஜமந்தரின் தம்பி ஜமந்தர், அண்ணன் ஜமந்தரின் விதவையை ஏற்றுக்கொள்வது என்று ஏகமனதாக முடிவாயிற்று. பிறகுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது: இந்த முறையில் விதவையின் சம்மதம் வேண்டும்.

எல்லோரும் துமாசியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"மொத தடவ என்னை யாரும் கேக்கல" என்றாள். "இந்தத் தடவ கேட்டீங்க. ரொம்ப சந்தோஷம். யோசிச்சுச் சொல்றேன்."

"எப்பச் சொல்லுவே?" என்றார் ஒம்பு லம்போக்.

"யோசிச்சப்புறம்."

விதவை வீட்டில் வேற்று ஆம்பிள்ளை தங்கக் கூடாது. ஆகவே ஜமந்தரைக் கடையின் பின்னால் அரிசிமூட்டை அறையில் படுக்கச் சொன்னார்கள். மலைக்காற்று குளிர்ந்ததால் துமாசி வீட்டிலிருந்து போர்வை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நல்லாக் கனமா இருக்கே. யாரோடது?" என்று கேட்டான்.

"உங்களோடதுதான்" என்றாள்.

விரித்துப் பார்த்தவன் கோலத்தை அடையாளம் கண்டு திடுக்கிட்டான். பிறகு வேறு போர்வை இல்லாததால் போர்த்திக்கொண்டான். கூமொந்தாங் மாமா சிக்கனக்காரர்தான், ஆனால் துணி எடுப்பதில் கை சுருக்கியதில்லை என்று மறுநாள் எல்லோரிடமும் சொன்னான்.

அப்படியே காலம் ஓடியது. அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். அவன் தட்டுக் கழுவினான், விறகு பிளந்தான், சந்தையில் மீன் பார்த்து வாங்கினான். மதியம் கூட்டம் குறைந்ததும் கித்தாரை எடுப்பான். பஸ்கள் சொன்ன நேரத்துக்குக் கிளம்பாமல் போயின. துமாசி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அவள் கால்பெருவிரல் மட்டும் தாளம் போடுவதை லஸ்மா பார்த்திருக்கிறாள். பின்சார் அவனை "பாட்டுக்காரரே" என்று கூப்பிட்டுப் பழகி, பிறகு யாரும் சொல்லாமலே "அப்பா" என்று மாற்றிக்கொண்டான். துமாசி மாற்றிக்கொள்ளவில்லை. எதிரில் நின்றால் "இந்தாங்க" என்பாள். எதிரில் இல்லாவிட்டால் "அவரு" என்பாள். அவனும் வற்புறுத்தவில்லை. செத்த பிறகு அவனுக்குப் பொறுமை வந்திருந்தது. உயிரோடு இருந்தபோது இல்லாத குணம்.

லஸ்மாவுக்குப் போர்சியா ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. அங்கேதான் சிக்கல். பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் நின்று மாப்பிள்ளை தோளில் உலோஸ் போட வேண்டும். அப்பன் செத்துவிட்டான். செத்த அப்பனோ கல்யாண மைதானத்து மூலையில் பெரிய அண்டாவில் பன்றிக்கறி கிண்டிக்கொண்டிருக்கிறான். ஒரு பங்காளியை அப்பன் ஸ்தானத்தில் நிறுத்துவது என்று ஒம்பு லம்போக் முடிவு செய்தார். ஜமந்தர் "கறி அடிப்பிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு அண்டா பக்கம் திரும்பிக்கொண்டான். முகத்தில் வழிந்தது புகையால் வந்த கண்ணீர்தான் என்று பக்கத்தில் நின்றவர்கள் பெருந்தன்மையாக நம்பினார்கள்.

மேளம் முழங்கியது. துமாசி ஒரு முனையைப் பிடித்தாள், பங்காளி மறு முனையை. மாப்பிள்ளை நெடுநெடுவென்று வளர்ந்தவன். பங்காளி குள்ளம். எம்பிப் போட்டார், எட்டவில்லை. மறுபடி எம்பினார். துணி மாப்பிள்ளையின் தோளில் பட்டுச் சறுக்கியது. மைதானமே மூச்சை அடக்கியது. கல்யாண உலோஸ் மண்ணில் விழுந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

"லஸ்மா அப்பா!" என்று துமாசி போட்ட சத்தத்தில் மேளம் நின்றது. "என்ன அங்க வேடிக்கை? ஓடி வந்து இந்த முனையப் பிடிங்க!"

அவன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே சறுக்கிய முனையைத் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துவிட்டான். இரண்டு பேருமாகப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்துப் போர்த்தி முனைகளை இழுத்துக் கட்டினார்கள். அவன் கைக் கரி துணியின் ஓரத்தில் பட்டது. அவனுக்கு வாழ்த்து வரவில்லை. "எலி மாதிரி முழிக்காதீங்க, வாழ்த்துங்க" என்று அவள் அடிக்குரலில் சொன்னாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

ஹபோசன் வாயைத் திறப்பதற்குள் ஒம்பு லம்போக் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "மறைந்த ஜமந்தரின் சார்பில் உலோஸ் சார்த்துபவர்..." என்று இழுத்தார். வேறு பேர் கிடைக்கவில்லை. "ஜமந்தர்!"

மேளக்காரர்கள் நல்லவேளையாக உடனே அடிக்கத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகும் கணக்கில் அவன் செத்தவன்தான். அதைத் தீர்த்துவைத்தது லஸ்மாவுக்குப் பிறந்த குழந்தை. பெண் குழந்தை, தியார் என்று பேர் வைத்தார்கள். மூத்த பேரக்குழந்தை பிறந்துவிட்டால் தாத்தா பாட்டியின் பழைய பேர் எங்களிடம் போய்விடும். இனி அதைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. குழந்தையின் பேரால்தான் அழைக்க வேண்டும்.

சேதி வந்த அன்றே ஒம்பு லம்போக் மூச்சிரைக்கக் கடைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"செத்தது யாரு? ஜமந்தர். சரிதானே? இங்க தட்டுக் கழுவறது யாரு? தியார் தாத்தா. தியார் தாத்தாவுக்கு யாராவது சவத்துணி போர்த்தினாங்களா? இல்ல. தியார் பாட்டி தலைல யாராவது கோடி போட்டாங்களா? அதுவும் இல்ல. முடிஞ்சுது வழக்கு!"

கூட வந்த ஹபோசன் யோசித்துப் பார்த்தான். முறை எங்கும் உடையவில்லை. "நான் போட்ட கோடி போட்டதாவே இருக்குமில்ல?" என்று மட்டும் கேட்டான்.

"இருக்கும், இருக்கும். துமாசி தலைல இருக்கும்."

"துமாசி எங்க போனா அப்ப?" என்றாள் துமாசி.

அவளைக் கேட்காமலே அவளுடைய விதவைக்கோலம் முடிந்துவிட்டது, ஆரம்பித்தபோதும் அப்படித்தான். இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் தட்டோடு நின்றவன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க, "மீன் வாங்கிட்டு வாங்க. பேத்தியப் பார்க்க வெறுங்கையோட போறதா?" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் போர்சியா போனார்கள். பாத்திரத்தில் மீன், மடியில், குழந்தையைச் சுமக்க, சிவப்பு வரி ஓடிய ஒரு சின்ன உலோஸ். லஸ்மாவையும் குழந்தையையும் சேர்த்து அதில் போர்த்தியபோது புதுத் தாத்தா வாழ்த்த ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. காடு நிறைய பன்றி, வீடு நிறைய பிள்ளை, நரைத்த தலை, நல்ல மழை என்று பாட்டாகவே பாடினார். குழந்தை அழுதது, மீன் ஆறிப்போனது. சம்பந்தியம்மாள் மெதுவாகத் துமாசியின் காதில், "எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"நடுவுல கொஞ்ச காலம் இல்ல" என்றாள் துமாசி.

திரும்பும் பஸ்ஸில் அவன் ஜன்னலோர இடத்தைக் கேட்டான். அவள் கொடுக்கவில்லை.